பனிக்கடலில் மைசூர்

"உங்க ஊர் இப்போ பனிக்கடல்ல இருக்கு சார்" என்று என் கணவர் போனில் யாருக்காவது சொல்லாமல் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததில்லை. எதிர்முனையில் இருப்பவர் ஹாசனிலோ சேலத்திலோ, சில சமயம் இங்கேயே மைசூர் தேவராஜ மொஹல்லாவில் காலண்டர் அச்சடிக்கும் கடையிலோ, நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பார். தன் ஊர் வட துருவத்துக்குப் போய்விட்டது என்ற செய்தி அவரைக் கலங்கடிக்கும். அதன் பிறகு என் கணவர் குரலைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல், ஊரைத் திரும்ப இந்தியாவுக்குக் கொண்டுவருவது எப்படி என்று விளக்குவார். இட்லி ஆறும். அவர் குரல் மட்டும் ஆறாது.

என் கணவர் கௌரிசங்கர் வாரநாட்களில் ரிங் ரோடு பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் சம்பளத்துக்கு உழைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் உழைக்கிறார். அவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருக்கும் லைப்ரரியின் பெயர் 'உதயம்'. லைப்ரரி என்றால் அதில் புத்தகம், அலமாரி எதுவும் கிடையாது. மற்ற மென்பொருள்காரர்கள் எடுத்துத் தங்கள் செயலிக்குள் பொருத்திக்கொள்ளும் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஓர் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால், அங்கே சூரியன் எப்போது உதிக்கும், எப்போது மறையும், ராகுகாலம் எப்போது என்று சொல்லும். காலண்டர் செயலிகள், கல்யாண மண்டபங்கள், கோயில் இணையதளங்கள் என்று எங்கெங்கோ அது ஓடிக்கொண்டிருக்கிறது.

உலகத்தில் பெரும்பாலோர் அட்சரேகையை முதலில் சொல்வார்கள். உதயத்துக்குத் தீர்க்கரேகையை முதலில் சொல்ல வேண்டும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். முதல் நாள் கை அப்படிப் போய்விட்டதாம். இப்போது மாற்றினால், ஒழுங்காக ஓடுகிற அத்தனை செயலிகளும் கவிழ்ந்துவிடுமாம். ஆகையால் விவரம் தெரியாமல் மைசூரின் எண்களை வழக்கமான வரிசையில் கொடுப்பவருக்கு, மைசூர் நார்வேக்கும் வடக்கே பனிக்கடலில் போய் விழும். அங்கே மார்கழியில் சூரியன் உதிக்கவே உதிக்காது. ஆனியில் மறையவே மறையாது. உதயம் என்ன செய்யும், பாவம். "சூரியன் கிடைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ராகுகாலமே இல்லாத ஊரில் உட்கார்ந்திருக்கும் காலண்டர்காரர் என் கணவருக்குப் போன் போடுவார்.

இதற்கெல்லாம் விளக்கக் குறிப்பு ஒன்று இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அதில் ஒரே வரி: "இடத்தைக் கொடுத்தால் நேரம் வரும்." அதன் கீழே, விளக்கத்தை மேம்படுத்த யார் வந்தாலும் வரவேற்கிறோம் என்று ஓர் அழைப்பு. அந்த அழைப்பு எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடி பழையது.

நான் பிழைப்புக்கு விளக்கம் எழுதுகிறவள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மிக்சி செய்யும் கம்பெனி ஒன்றில், பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை எழுதுவது என் வேலை. அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். மிக்சி நின்றுபோன பிறகுதான் தேடுவார்கள். அதனால் எழுதும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்வேன். படிக்கிறவர் ஈரக் கையோடு நிற்கிறார். ஜாருக்குள் சட்னி பாதி அரைந்து கிடக்கிறது. அவருக்கு ஒரு வரி படிக்கத்தான் பொறுமை இருக்கிறது. இதை ஒருநாள் சாப்பிடும்போது அவரிடம் மிகப் பெருமையாகச் சொன்னேன்.

"ம்" என்றார்.

எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான். என் பங்குக்கு வாக்கியங்கள். அவர் பங்குக்கு அந்த ஓர் எழுத்து. முன்பின் தெரியாத சேலத்துக்காரரிடம் பூமியின் சாய்வைப் பற்றிப் பழம் உரித்துக் கொடுப்பது போல விளக்குகிற மனிதர், பால் பாக்கெட் வாங்கினீர்களா என்று நான் கேட்டால்கூட எனக்கு ஒரு முழுச் சொல் தர மாட்டார். எனக்குக் கோபம் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதி, பொறாமை. அந்தச் சேலத்துக்காரர்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.

ஐப்பசியில் ஒருநாள் முடிவுக்கு வந்தேன். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் போன் ஓயும். போன் ஓய்ந்தால் ஞாயிற்றுக்கிழமை மீளும். ஞாயிற்றுக்கிழமை மீண்டால் அதோடு சேர்ந்து கணவரும் வருவார் என்பது என் கணக்கு.

"நானே எழுதித் தரட்டா?" என்று கேட்டேன்.

"வெல்கம்னு போட்டிருக்கேனே. யார் வேணா எழுதலாம்" என்றார் லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அங்கே மற்றதெல்லாம் போல ஆங்கிலத்தில்தான் எழுதினேன்; தமிழில் சொன்னால் இப்படி: "தீர்க்கரேகையை முதலில் கொடுங்கள், அட்சரேகையை அடுத்துக் கொடுங்கள். மைசூருக்கு: 76.6, 12.3." இவ்வளவுதான். அனுப்பும் வழியைக் கற்றுக்கொண்டு முறைப்படி அனுப்பினேன். என்னைப் போல ஒருத்தி வாசலில் வந்து நிற்பதற்காகவே அங்கே சில தொண்டர்கள் காத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

உதயத்தில் என் கணவரைத் தவிர இரண்டு தொண்டர்கள் உண்டு. பெங்களூரில் இருக்கும் தீபக். இங்கேயே குவெம்பு நகரில் இருக்கும் மேகனா. இருவரும் நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். நிரலை, அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகளை, மாற்ற என் கணவரின் ஒப்புதல் மட்டும் போதும். விளக்கத்தை மாற்ற இந்த இருவரும் ஒப்ப வேண்டும் என்பது விதி. நிரலில் தப்பு நடந்தால் இயந்திரம் சொல்லிவிடும், விளக்கத்தில் தப்பு நடந்தால் யார் சொல்வது என்று காரணம் வைத்திருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதலில் மேகனா போன் செய்தாள், தன் கன்னடம் கலந்த தமிழில். "ஆன்ட்டி, லைன் சென்னாகே இருக்கு, நல்லா இருக்கு. ஆனா 'கொடுங்கள்'னா ஆர்டர் போடற மாதிரி இருக்கில்ல? படிக்கறவங்க ஸ்வல்ப பயந்துடுவாங்க."

"மைசூரையே பனிக்கடல்ல தொலைச்சவங்க, 'கொடுங்கள்'க்கா பயப்படுவாங்க?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, வெல்கமிங்கா இருக்கணும்."

தீபக் எழுத்தில் பதில் அனுப்பினான். மைசூரை மட்டும் உதாரணமாகக் கொடுப்பது மற்ற ஊர்களை ஒதுக்குவதாகும் என்றான். எண்ணைக் காட்டினால் படிப்பவர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார், சிந்திக்க மாட்டார் என்றான். ஈரக் கையோடு நிற்பவர் சிந்திக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. மேலும், ஒரு வரியை மட்டும் தனியாக மாற்றினால் ஒட்டுமொத்தப் பார்வை கெடும். முதலில் ஒரு விளக்கக் குழு அமைப்போம் என்று முடித்திருந்தான்.

குழு அமைந்தது. என் கணவரும் அந்த இருவரும்தான் குழு. நான் சிறப்பு அழைப்பாளர். கூட்டம் இணையத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். போனிலிருந்து மீட்க நினைத்த ஞாயிற்றுக்கிழமையை நானே கொண்டுபோய்க் குழுவுக்குத் தாரைவார்த்தேன். முதல் கூட்டத்தில் விளக்கம் என்றால் என்ன என்று பேசினார்கள். அடுத்ததில் விளக்கத்துக்கு ஒரு சின்னம் வேண்டுமா என்று பேசி, வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். சூரியனுக்குள் புத்தகமா, புத்தகத்துக்குள் சூரியனா என்பதில் கருத்து வேறுபாடு. என் வரி எப்போது வரும் என்று கேட்டேன். அது 'உள்ளடக்கம்' என்ற கட்டத்தில் வரும் என்றார்கள். நாங்கள் அப்போது 'நோக்கம்' என்ற கட்டத்தில் இருந்தோம்.

என் கணவர் இந்தக் கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் போன் வரும். எழுந்துபோய்ப் பால்கனியில் நின்று, "உங்க ஊர் இப்போ பனிக்கடல்ல இருக்கு சார்" என்பார். கூட்டத்தைவிட அது உருப்படியான காரியம் என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

கார்த்திகை முடிவதற்குள் என் வரி எல்லாக் கட்டங்களையும் தாண்டி வெளியே வந்தது. இப்படி வந்தது: "பயனர்கள் தங்கள் இருப்பிடத்தைத் தகுந்த வரிசையில் வழங்கலாம்."

பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வேறு யார் வீட்டுப் பிள்ளையோ திரும்பி வந்தது போல இருந்தது. "தகுந்த வரிசை எதுன்னு சொல்லவே இல்லையே" என்றேன்.

"அதான் சைட் வருதே ஆன்ட்டி" என்றான் தீபக். "டீடெயில் எல்லாம் உள்ள போட்டிருக்கேன். உங்க வரி அப்படியே இருக்கு, மூணாவது பக்கத்துல."

அந்த இணையதளத்தை அவன் இரண்டு மாதமாக ராப்பகலாகக் கட்டியிருந்தான். அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. படிப்பவரின் ஊரில் பகலாக இருந்தால் பக்கம் வெள்ளையாகவும், இரவாக இருந்தால் கறுப்பாகவும் மாறும். அந்தப் பகலையும் இரவையும் கணக்கிடுவது வேறு யாருமல்ல, உதயம்தான். உதயத்தின் பெருமையை உதயத்தின் விளக்கமே காட்ட வேண்டும் என்பது தீபக்கின் ஆசை. அதற்காக, உள்ளே நுழையும்போதே படிப்பவரிடம் அவருடைய இடத்தின் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கும்.

தகுந்த வரிசையில்.

தீபக் சோதித்துப் பார்த்தான், வேலை செய்தது. மேகனா சோதித்துப் பார்த்தாள், வேலை செய்தது. இருவருக்கும் வரிசை தெரியும். மார்கழி முதல் தேதி தளம் திறந்தது. வரிசை தெரியாதவர்கள் வந்தார்கள். தங்கள் ஊரைப் பனிக்கடலில் போட்டார்கள். அங்கே மார்கழியில் விடியாது. பக்கம் முழுக்க இருட்டிவிட்டது. சூரியனே இல்லாத ஊரில் எழுத்துக்கு என்ன நிறம் கொடுப்பது என்று தீபக் யோசித்திருக்கவில்லை. அதனால் எழுத்தும் கறுப்பாகவே வந்தது. கறுப்புத் தாளில், கறுப்பு எழுத்தில், மூன்றாவது பக்கத்தில், "தீர்க்கரேகையை முதலில் கொடுங்கள்" என்று என் வரி பத்திரமாக இருந்தது. ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும் அதைப் படிக்க முடிந்தது.

போன் இரண்டு மடங்காயிற்று. முன்பு ஊரைத் தொலைத்தவர்கள் மட்டும் கூப்பிட்டார்கள்; இப்போது விளக்கத்தைத் தொலைத்தவர்களும் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் விஜய்குமார் என்பவர் ஒரே காலையில் மூன்று முறை கூப்பிட்டார். என் கணவர் முகத்தில் அப்படி ஒரு களை. பூமி எப்படிச் சாய்ந்திருக்கிறது, துருவத்தில் ஏன் மாதக்கணக்கில் இருட்டு என்று ஆரம்பத்திலிருந்து சொன்னார். விஜய்குமார் அதைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவருக்கு ராகுகாலம் வேண்டும்; வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விளக்கத்தில் கைவைக்க இரண்டு பேர் வேண்டும். நிரலில் கைவைக்க என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் போதும். நிரல் எனக்கு வராது. ஆனால் நிரலுக்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்கும் வாக்கியத்தை மாற்றப் பெரிய படிப்பு எதற்கு? "சூரியன் கிடைக்கவில்லை" என்று இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் ஒட்டினேன்: "நீங்கள் கொடுத்த இடம் பனிக்கடலில் இருக்கிறது. இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால் இரண்டு எண்களையும் இடம் மாற்றிக் கொடுங்கள்." ஈரக் கைக்காரர் எங்கே தடுக்கி விழுகிறாரோ அங்கேயே வரியைப் போட்டாயிற்று. தேடிப் போக வேண்டியதில்லை.

அதை அவர் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டு ஹாலுக்கு வந்தேன். திரையில் என் வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். இரண்டு வாக்கியம் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"தப்பா இருக்கா?" என்றேன்.

"இல்ல. கரெக்டா இருக்கு."

"அப்பறம்?"

மறுபடி திரைக்கே திரும்பினார். எனக்குப் பொறுமை போயிற்று. "இதை நீங்க ஒத்துக்கலைன்னா, உங்களுக்கு அந்தப் போன் வேணும்னு அர்த்தம். அதைச் சொல்லிடுங்க, நான் என் கெலசத்தைப் பாத்துட்டுப் போறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "இதைப் போட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க கனகா" என்றார்.

"வேற கேள்வி கேட்டுக் கூப்பிடுவாங்க."

"வேற கேள்வி இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே இந்த ஒரு கேள்விதான்."

அதைச் சொல்லிவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். ஜெயித்த சந்தோஷம் எனக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

போன் நின்றது. ஒரேயடியாக நிற்கவில்லை; புது வடிவத்தை ஒவ்வொருவராக இறக்கிக்கொள்ள, மழை ஓய்வது போலச் சொட்டுச் சொட்டாக நின்றது. தை பிறந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களுடையது. கேட்ட வரம் கிடைத்தவள் என்ன செய்வாள்? புடவை மாற்றிக்கொண்டு அவரை வெளியே கூட்டிப்போனேன். மசால் தோசை சாப்பிட்டோம். காரஞ்சி ஏரியைச் சுற்றி நடந்தோம். போனை எடுத்துப் பார்த்தார், பையில் போட்டார், மறுபடி எடுத்தார்.

அவரைப் பேசவைக்க வேண்டும் என்று, "இன்னிக்கு சூரியன் எப்ப மறையும்?" என்று கேட்டேன். அவருடைய சொந்தப் பாடம்.

"போன்ல பாரு" என்றார்.

இரண்டு ஞாயிறுகள் இப்படிக் கழிந்தன. மனிதர் இளைத்துப்போகவில்லை, தாடி வளர்க்கவில்லை. அலுவலகம் போனார், வந்தார். ஆனால் அந்தத் தாழ்ந்த, அவசரமில்லாத குரல் வீட்டில் கேட்கவே இல்லை. அதன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் இருந்தேன். அது போன பிறகுதான், அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கேட்பது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று தெரிந்தது. எனக்காகப் பேசாவிட்டாலும், என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதையும் நானே என் கையால் நிறுத்தியிருந்தேன்.

அதனால் என் போனில் வடிவு பிறந்தாள். ஊர் சாமராஜநகர். பாலாறு செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோயிலுக்காக இணையதளம் செய்கிறாள். கேள்விகள் போடும் பொதுப் பக்கத்தில் அவள் தமிழில் எழுதினாள்; ஆங்கிலத்தில் எழுதினால் அவர் என் கையைக் கண்டுபிடித்துவிடுவார். கேள்வியை யோசிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. "ஐயா, எங்கள் கோயிலுக்குக் கிழக்கே மலை இருக்கிறது. உதயம் சொல்லும் நேரத்தில் சூரியன் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலை ஏறி வர நேரமாகிறது. நாங்கள் எதை உதயம் என்று எடுத்துக்கொள்வது?"

அடுத்த ஞாயிறு காலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். லேப்டாப்பில் குனிந்திருந்தார். முதுகு நிமிர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கன்னடப் பள்ளியில் படித்தவர். தமிழில் தட்டச்சு செய்ய ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். இட்லி ஆறியது. நான் தட்டை மூடிவைத்தேன்.

பதிலை நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் போனில் படித்தேன். நீளமான பதில். சமவெளி என்று வைத்துக்கொண்டுதான் உதயம் கணக்கிடுகிறது, மலையின் உயரம் அதற்குத் தெரியாது, உங்கள் கேள்வி நியாயமானது, இதை யாரும் இதுவரை கேட்டதில்லை என்று நிதானமாக, அன்பாக எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: "இதை விளக்கத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும். படிக்கிறவர் ஈரக் கையோடு நிற்கிறார் என்று என் மனைவி சொல்வாள். மிக்சிக்கு விளக்கம் எழுதுகிறவள். எங்கள் லைப்ரரியில் ஒழுங்காகப் புரிகிற இரண்டு வாக்கியங்களும் அவள் எழுதியவை."

குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் கொஞ்சம் அழுதேன். அந்த "ம்"முக்குப் பின்னால் மனிதர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்டதை என்னிடம் சொல்ல வாய் வராமல், சாமராஜநகர்க்காரி ஒருத்தியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இவரை என்ன செய்தால் தகும்?

முகம் கழுவிக்கொண்டு காபியோடு ஹாலுக்குப் போனேன். "ஏதாவது கேள்வி வந்துதா?" என்றேன்.

"ம். யாரோ வடிவுன்னு. தும்ப நல்ல கேள்வி." டம்ளரை வாங்கிக் குடிக்காமல், டபராவுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். "இங்க பாரு. இந்த டம்ளர்தான் மலைன்னு வெச்சுக்கோ. கோயில் இந்த டபரா. சூரியன் அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றான்." பூமியின் சாய்விலிருந்து ஆரம்பித்தார். அந்தத் தாழ்ந்த, அவசரமில்லாத குரல். காபியில் ஆடை படிந்தது. ஒன்றுமே தெரியாதவள் போல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஏன் எங்கிட்ட இதெல்லாம் கேக்கவே மாட்டேங்கற?" என்றார்.

"கேட்டிருக்கேன்" என்றேன்.

"எப்போ?"

நான் டம்ளரை எடுத்து டபராவுக்கு மறுபக்கம் வைத்தேன். "மலை மேற்கே இருந்தா?" என்று கேட்டேன்.